பிள்ளைகளும் விளையாட்டும்: நெல்லைப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், முக்கூடல் என்று எந்தப் பக்கத்துப் பெற்றோரோடு பேசினாலும் விளையாட்டைப் பற்றி இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கைக்குழந்தை முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மகளுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி.யில் எழுத வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் நோட்டைத் தொடாமல் விளையாட ஓடுகிறாள். இப்போதே கண்டிக்காவிட்டால் பின்னால் படிப்பு ஏறாதே?

கண்டிக்காதீர்கள். மூன்றரை வயதுப் பிள்ளையின் விரலுக்கு, பென்சிலைப் பிடித்துச் சின்னச் சின்ன வளைவுகளை இழுக்கும் பலம் இன்னும் வரவில்லை. மண்ணைப் பிசைவது, பட்டாணி உரிப்பது, துணிக்கு கிளிப் மாட்டுவது, சிரட்டையில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது என்று கை வேலை செய்து செய்துதான் அந்தப் பலம் வரும். அதற்கு முன்னால் 'அ' எழுதச் சொல்லி உட்கார வைத்தால் பிள்ளை கற்றுக்கொள்வது எழுத்தை இல்லை, எழுதுவதன் மீது ஒரு வெறுப்பைத்தான்.

விளையாடும்போது அவள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். "நீ டாக்டராம், நான் பிள்ளையைத் தூக்கிட்டு வாரேனாம், காய்ச்சல்னு சொல்லுவேனாம்" என்று கதையை முன்னால் கட்டி, பிறகு நடத்துகிறாள். முன்பின் வரிசை, காரண காரியம், அடுத்தவர் என்ன சொல்வார் என்ற யூகம் எல்லாம் அதில் இருக்கின்றன. பிற்பாடு பாடத்தை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய சரக்கு இதுதான்.

அரசாங்கமும் இந்த வழியில்தான் போகிறது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கன்வாடிகளில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி உண்டு. பாட்டும் கதையும் விளையாட்டும்தான் அதற்கு வழி. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை செயல்பாடுகள் வழியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கராத்தே, ஸ்கேட்டிங், செஸ் வகுப்புக்கு அனுப்புகிறோம். அது போதாதா?

அவை நல்லவைதான். ஆனால் அங்கே எதை, எப்போது, எப்படிச் செய்வது என்று மாஸ்டர் முடிவு செய்கிறார். நான் சொல்லும் விளையாட்டில் அந்த முடிவுகள் பிள்ளை கையில் இருக்கும். என்ன ஆடுவது, யார் யார் சேருவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர்களுடையது. வாரத்தில் ஏழு நாளும் வகுப்பு என்றால் இரண்டு மூன்றைக் குறையுங்கள். "போரடிக்குது" என்று பிள்ளை சொன்னால் பதறாதீர்கள். கொஞ்ச நேரம் விட்டால் தானே ஏதாவது கண்டுபிடிக்கும்.

எந்த வயதில் என்ன விளையாட்டு?

நம் புலவர்கள் இதற்கு ஒரு வரிசையே போட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கைகொட்டுவது. ஒரு வயதை ஒட்டி வாரானை: தளர்நடை போட்டு வருவது. அதற்கப்புறம் அம்புலி: நிலாவைக் காட்டி விளையாட வா என்று அழைப்பது. கடைசியில் சிறுபறை, சிற்றில், சிறுதேர். இன்று குழந்தை மருத்துவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பொருந்துகிறது.

அம்புலிப் பருவத்தை மட்டும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பிள்ளை விரலை நீட்டி நிலாவைக் காட்டுகிறது, உடனே திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கிறது. 'நான் பார்ப்பதை நீயும் பார்க்கிறாயா' என்பதுதான் அந்தப் பார்வை. பேச்சு பிறப்பது இந்த இடத்திலிருந்துதான். அதனால் பிள்ளை காட்டும் திசையில் பாருங்கள், பார்த்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். காக்கா, பஸ், ஆட்டுக்குட்டி, எதுவானாலும் சரி.

இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். ஒன்று இன்னொன்றோடு சேரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். முதலில் தனியாக, பிறகு அருகருகே, அப்புறம்தான் சேர்ந்து. மூன்று நான்கு வயதில் பாவனை விளையாட்டு முழு வீச்சில் வரும். ஆறு, ஏழு வயதிலிருந்து விதி வைத்து ஆடும் ஆட்டங்கள்.

என் மகன் கோயில் கொடைத் திருவிழா பார்த்துவிட்டு வந்து ஒரு வாரமாகச் சாமியாடி விளையாடுகிறான். தடுக்கலாமா?

எதற்குத் தடுக்க வேண்டும்? நெல்லைப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாவனை விளையாட்டு அது. கொடை முடிந்த மறுநாள் தெருவில் நின்று பாருங்கள். ஒருத்தன் கையில் வேப்பங்குழை. இன்னொருத்தன் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மேளம் அடிப்பான். ஒரு பெண்பிள்ளை வளைந்த கம்பில் சணல் கட்டி வில்லுப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள். ஆறு வயதுப் பையன் ஒருவன் மண்ணை அள்ளி ஒவ்வொரு நெற்றியாகத் திருநீறு பூசிக்கொண்டே வருவான். இரண்டாவது தடவை வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்து, "ஒனக்கு ஏற்கெனவே குடுத்தாச்சுல்லா, பின்னால போ" என்பான். வகுப்பில் வரிசையில் நில் என்றால் நிற்காத பையனாகத்தான் அவன் இருப்பான்.

லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் சொன்னது இதைத்தான்: விளையாட்டில் பிள்ளை தன் வழக்கமான உயரத்தைவிட ஒரு தலை கூடுதலாக நிற்கிறது. பின்னால் அதே நாட்டில் சோதித்தும் பார்த்தார்கள். சும்மா அசையாமல் நில் என்றால் சீக்கிரமே நெளிகிற சின்னப் பிள்ளைகள், காவல்காரனாக விளையாடும்போது வெகுநேரம் அசையாமல் நின்றார்கள். தன்னை அடக்கி ஆளும் பழக்கம் அடியால் வருவதில்லை, இப்படித்தான் வருகிறது. ஆனித் தேரோட்டம் முடிந்ததும் செருப்புப் பெட்டியில் தேர் செய்து வடம் பிடித்து இழுப்பார்களே, அதுவும் இதே கதைதான். நிஜத் தீயும், அரிவாள் மாதிரியான இரும்பும் மட்டும் அங்கே வரக் கூடாது. மற்றபடி விட்டுவிடுங்கள்.

என்ன பொம்மை வாங்குவது?

குறைவாக வாங்குங்கள். பட்டனை அமுக்கினால் பாடி, ஆடி, ஓடுகிற பொம்மையில் விளையாட்டை பொம்மையே செய்துவிடுகிறது. பிள்ளைக்குப் பார்க்கிற வேலை மட்டும்தான்.

அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் இன்னும் கிடைக்கிறது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. மரத்தைக் கடைசலில் பிடித்து, சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றிய குட்டி அம்மி, உரல், குடம், அடுப்பு. அதற்குள் என்ன வேகிறது என்பது பிள்ளையின் இஷ்டம். இன்று சாம்பார், நாளை மருந்து. ஒரு செட் வாங்கினால் அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து வருடக்கணக்கில் வரும்.

காசே இல்லாமல் கிடைப்பவையும் இருக்கின்றன. நுங்கு சீசனில் நுங்கு எடுத்த வெற்றுக் காய்கள் (கூந்தல்) இரண்டைக் கம்பில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளுகிற வண்டி. பனையோலைக் காத்தாடி. சிரட்டை, ஆற்று மணல், காலி அட்டைப்பெட்டி, பழைய சேலை. நுங்கு வண்டியைப் பிள்ளையே செய்யட்டும். கம்பு நடுவில் குத்தாவிட்டால் வண்டி கோணிக்கொண்டு போகும், ஏன் என்று யோசித்து மறுபடி குத்துவான். அந்த யோசனையைக் கடையில் வாங்க முடியாது.

பல்லாங்குழி ஆடினால் கணக்கு வரும் என்கிறார்களே, உண்மையா?

எங்கே, எப்படி வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே தெரியும். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியமுத்து, மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். நாலரை, ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதுவே பெரிய பாடம், ஒரு குழிக்கு ஒரு முத்து. வாய் 'ஒண்ணு ரெண்டு மூணு' என்று ஓடும், கை பின்தங்கும். ஆடிக்கொண்டே இருந்தால் வாயும் கையும் ஒன்றாகும். எண்ணத் தெரிவது என்றால் அதுதான்.

கையில் முத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு. நான்கைப் பார்த்த மாத்திரத்தில், எண்ணாமலே, "பசு!" என்று கத்துவார்கள். ஏழெட்டு வயதானால் அள்ளுவதற்கு முன்பே கண்ணால் ஓட்டிப் பார்ப்பார்கள்: இங்கே எடுத்தால் எங்கே போய் நிற்கும்? அந்த நேரத்தில் பிள்ளை முகத்தைப் பாருங்கள், உதடு மட்டும் அசையும். நான்கைந்து நகர்வுகளை மனதில் பிடித்து வைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இரண்டாம் சுற்று. தோற்றவரிடம் 28 முத்து இருக்கிறது என்று வையுங்கள். தன் பக்கத்து ஏழு குழியை நிரப்ப 35 வேண்டும். ஐந்து குழி நிறையும், மூன்று மிச்சம். நிரப்ப முடியாத குழி அந்தச் சுற்றில் ஆட்டத்தில் இல்லை. மீதி வரும் வகுத்தல் கணக்கு இது. பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்பில் அழுதுகொண்டு போடுவதை இங்கே ஜெயிக்கும் வெறியில் போடுகிறார்கள்.

கட்ட விளையாட்டுகளுக்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்டது: ஏழைக் குடும்பத்து முன்பருவப் பிள்ளைகள் ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண் போட்ட கட்டத்தில் இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால்மணி நேரம் அளவில் ஆடினார்கள். அவர்களுடைய எண்ணறிவு கூடியது. அதே கட்டத்தில் எண்ணுக்குப் பதில் நிறம் போட்டு ஆடிய பிள்ளைகளுக்குக் கூடவில்லை. பரமபதம் ஆடும்போது காயை வெறுமனே நகர்த்தாமல், கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லிக்கொண்டே நகர்த்தச் சொல்லுங்கள். தாயமும் அப்படித்தான். கட்டைகளில் உள்ள புள்ளியைக் கூட்டுவதைப் பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

கோலி விளையாடப் போனால் சண்டையில்தான் முடிகிறது. நாங்கள் போய்த் தீர்த்து வைக்கலாமா?

அடி விழாதவரை போகாதீர்கள். "நீ அழும்பு பண்ணுற" என்று தொடங்குகிற வாதம், பாதி நேரம் விதியைப் பற்றியதாகத்தான் இருக்கும். சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே கோலி விளையாடும் பிள்ளைகளிடம் உட்கார்ந்து விதிகளை விசாரித்து, 1932இல் எழுதினார். சின்னப் பிள்ளைகள் விதி பெரியவர்கள் வைத்தது, மாற்றவே கூடாது என்றார்கள். பத்துப் பதினோரு வயதுக்காரர்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். நியாயம் என்பது சேர்ந்து பேசி முடிவு செய்வது என்ற இடத்துக்கு அவர்கள் வந்தது, தங்களுக்குள் ஆடிப் பேசிப் பழகியதால். நாம் ஒவ்வொரு தடவையும் நீதிபதியாகப் போய் நின்றால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

ஒரே பிள்ளை எப்போதும் ஒதுக்கப்படுகிறது, அதுவும் சாதியைச் சொல்லியோ, உடம்பைச் சொல்லியோ ஒதுக்கப்படுகிறது என்றால் கதை வேறு. அப்போது பெரியவர்கள் தலையிட்டே ஆக வேண்டும். அந்தப் பேச்சு பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்துதான் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

போனைக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான். என்ன செய்ய?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது மூன்று மணி நேரம் உடம்பை அசைத்து ஆட வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்குகிற மாதிரி.

சாப்பாட்டு நேரத்துப் போனைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடுவான், அழுவான். பசித்தால் சாப்பிடுவான். அந்த நாட்களில் தாத்தா, ஆச்சி உட்பட வீட்டில் யாரும் இரக்கப்பட்டுப் போனை நீட்டாமல் இருந்தால் போதும்.

வெளியே விட்டால் வெயில். வீடோ சின்ன வீடு. எங்கே விளையாட?

நம் ஊர் வெயிலில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை வீட்டுக்குள்தான். அந்த நேரத்துக்கு ஒரு பத்தமடைப் பாயை விரித்தால் பல்லாங்குழி, தாயம், தட்டாங்கல் எல்லாம் நடக்கும். காலையிலும் நான்கு மணிக்குப் பிறகும் வெளியே விடுங்கள். வேப்பமரத்தடி, கோயில் வளாகம், பள்ளி மைதானம், மொட்டை மாடி, எதுவானாலும் வெளிச்சம் வேண்டும். மாடி என்றால் சுற்றுச்சுவர் பிள்ளை நெஞ்சுக்கு மேல் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

வெளிச்சம் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் கண். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் நேரம் கொடுத்து மூன்று ஆண்டு கவனித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. கிட்டப்பார்வை புதிதாக வந்தது அவர்களில் 30 சதவீதம் பேருக்கு. வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39 சதவீதத்துக்கு மேல். கண்ணாடி போட்ட இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிற நேரத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நான் பீடி சுற்றுகிறேன். பிள்ளையோடு உட்கார்ந்து விளையாட எனக்கு ஏது நேரம்?

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கத்தில் பல அம்மாக்களின் நிலை இதுதான். முழு நேரமும் விளையாட வேண்டாம். கை வேலை பார்க்கட்டும், வாய் சும்மாதானே இருக்கிறது. விடுகதை போடலாம், பாதிக் கதை சொல்லி மீதியைப் பிள்ளையைச் சொல்ல வைக்கலாம். நாளில் ஒரு கால்மணி நேரம் மட்டும் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவன் சொல்கிற விளையாட்டை அவன் சொல்கிறபடி விளையாடுங்கள்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பீடிக்கான புகையிலைத் தூள் பிள்ளைக்கு எட்டவே கூடாது. தவழுகிற பிள்ளை ஒரு பிடி வாயில் போட்டாலும் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம், இலை வெட்டவும் நூல் கட்டவும் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். கூலி குறைவு, கணக்கு முடிய வேண்டும் என்ற நெருக்கடி புரிகிறது. ஆனாலும் அந்த நேரம் பிள்ளையுடையது.

மகளுக்குப் பத்து வயது. இன்னும் தெருவில் ஓடி விளையாடுகிறாள் என்று ஆச்சி திட்டுகிறார்.

ஓடட்டும். குதித்து ஓடி ஆடும்போது எலும்பு அடர்த்தியாகிறது, பூப்பெய்துவதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகள்தான் அதற்கு முக்கியமான காலம். சரியாக அந்த வயதில்தான் நாம் பெண்பிள்ளையை உள்ளே இழுத்துப் போடுகிறோம். தம்பி வெளியே கிரிக்கெட் ஆடுவான், அவள் பாத்திரம் கழுவுவாள். எனக்கு இதில் சமாதானம் சொல்ல வராது, இது தவறு. பாதுகாப்பைப் பற்றிக் கவலை என்றால் நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து விடுங்கள், முறை வைத்து ஒரு பெரியவர் திண்ணையில் உட்காருங்கள். ஆச்சியையே உட்காரச் சொல்லலாம். பாண்டியும் கிளித்தட்டும் அவர் காலத்தில் எப்படி ஆடினார்கள் என்று கேட்டால், முதல் ஆளாகக் கட்டம் போட்டுக் கொடுப்பவரும் அவராக இருக்கலாம்.

அடிபடும் என்று பயமாக இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

முட்டி சிராய்ப்பு, கொய்யாமரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து குதிப்பது, இவற்றை விட்டுவிடலாம். எவ்வளவு உயரம் தன்னால் முடியும் என்று பிள்ளை அளந்து பழகுகிறது.

பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. தாமிரபரணி மேலே அமைதியாகத் தெரியும். மணல் அள்ளிய குழியும், அணையில் திறந்துவிட்ட தண்ணீரின் இழுப்பும் கண்ணுக்குத் தெரியாது. கைவிட்ட கல்குவாரிக் குட்டைகள் அதைவிட மோசம். நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. தெரிந்தவர் இருக்கும்போது நீச்சல் கட்டாயம் பழக்குங்கள்.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் புளியமுத்து, கோலி, சோழி, சின்னச் சொப்பு எதுவும் வேண்டாம். மூச்சுக்குழலில் அடைத்துவிடும். திருவிழாக் கடையில் விற்கும் மினுக்கு விளக்குப் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளை விளையாடவே மாட்டேன் என்கிறது. எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரலால் எதையும் சுட்டிக்காட்டவில்லை, இரண்டரை வயதாகியும் பொம்மைக்குச் சோறு ஊட்டுவது மாதிரியான பாவனை எதுவும் இல்லை, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற சமாதானத்தில் ஒரு வருடம் போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடி டீச்சரிடமோ கேட்டால், அரசு மருத்துவமனையில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டு சிகிச்சை தரும் பிரிவுக்கு வழி காட்டுவார்கள்.

பார்வையோ காது கேட்பதோ குறைந்த பிள்ளைக்கும் விளையாட்டு அதே அளவு வேண்டும். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அவர்களுக்குப் பள்ளிகள் உண்டு. பந்துக்குள் மணி வைத்தால் கண் தெரியாத பிள்ளை சத்தத்தைக் கேட்டுப் பிடிக்கும். பல்லாங்குழியைத் தடவித் தடவியே ஆடும்.

பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். கேட்கலாமா?

கேளுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை. டீச்சருக்கும் போர்ஷன் முடிக்க வேண்டிய நெருக்கடி இருக்கும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள், தனியார் பள்ளி என்றால் நான்கைந்து பெற்றோராகச் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பாருங்கள். தனியாகப் போனால் "உங்க பிள்ளை மார்க்கைப் பாருங்க முதல்ல" என்று பேச்சைத் திருப்பிவிடுவார்கள். டைம்டேபிளில் எழுதியிருக்கிற பீரியடை மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள், அடுத்த மாதம் மறுபடி போய் நடக்கிறதா என்றும் பாருங்கள்.